தேன், தேள், ஓசி சார்

ஜவ்வாது மலையில் இதுவரை யாரிடமும் ஒரு டீகூட ஓசியில் வாங்கிக் குடிக்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஓசி சார்.

பெயர் வைத்த பாவத்தில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. ஜமுனாமரத்தூரில் மலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் நான் மேனேஜர். தேன், சாமை, புளி, கடுக்காய் என்று மலையில் கிடைப்பதைச் சுத்தம் செய்து, பாட்டிலிலும் பாக்கெட்டிலும் அடைத்துக் கீழே அனுப்புவது சங்கத்தின் வேலை. மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். போளூரிலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி வந்து ஆபீஸைத் திறப்பதும், முன்னதாகவே ஜன்னல் வழியாக வந்து என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் குரங்கை எழுப்பி அனுப்புவதும் மேனேஜர்தான்.

ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றிலும் இருந்த சாப்ட்வேர் எல்லாம் திருட்டு காப்பி. திருப்பத்தூரிலிருந்து ஒருவர் வந்து, கடையில் வாங்கினால் பல ஆயிரம் ஆகிற சாமான்களை அரை மணி நேரத்தில் போட்டுவிட்டுப் போவார். ஒருநாள் காலை மூன்று திரையிலும் சிவப்புக் கட்டம் கட்டி ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் கடிதம். உங்கள் பைல்களை எல்லாம் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் பணம் அனுப்புங்கள் என்று. திருப்பத்தூர்க்காரருக்குப் போன் செய்தேன். நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்று ஓர் அம்மாள் இனிமையாகச் சொன்னார்.

எங்கள் டைப்பிஸ்ட் விஜயா அக்கா கண்ணமங்கலத்துக்காரர். எந்த நெருக்கடியிலும் அவருக்கு ஓர் ஆளைத் தெரியும்.

“எங்க ஊர்க்காரரு ஒருத்தர் போளூர்ல கீறாரு சார். கொஞ்சம் ஒரு மாதிரி. ஆனா வேல தெரிஞ்சவரு.”

மறுநாள் வந்தார் அந்த ஒரு மாதிரி. நாற்பது வயது இருக்கும். ஒல்லி. சித்திரை வெயிலிலும் கழுத்தில் மப்ளர். பழைய மொபெட்டிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினார். பைக்குள் எவர்சில்வர் அஞ்சறைப் பெட்டி. சமையல்காரர் யாரோ விலாசம் மாறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பெட்டியைத் திறந்தார். கடுகு இருக்க வேண்டிய குழியில் பென் டிரைவ். சீரகத்துக்கு ஒரு பென் டிரைவ். வெந்தயத்துக்கு ஒன்று. மஞ்சள் தூள் குழியில் மட்டும் திருகாணிகள்.

திரையில் இருந்த மிரட்டல் கடிதத்தைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

“நல்லாத்தான் எழுதிக்கிறான். ஒரு எழுத்துப் பிழை கெடயாது,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “எல்லாம் திருட்டு காப்பிதானே மேனேஜர் சார்?”

“திருட்டுன்னு சொல்ல முடியாது... ஒருத்தர் போட்டுக் குடுத்தாரு...”

“அவரு போட்டப்பவே இவனையும் கூட வச்சிட்டுப் போய்ட்டாரு. எல்லாத்தையும் வழிச்சிட்டு நான் வேற போட்டுத் தர்றேன். கட்டற்ற மென்பொருள். எத்தினி கம்ப்யூட்டர்ல வேணும்னாலும் போட்டுக்கலாம். பக்கத்து ஆபீசுக்கும் குடுக்கலாம். உள்ள இன்னா எழுதியிருக்குன்னு பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“இன்னா வெல சார்?”

“சாப்ட்வேருக்கு வெலயே இல்ல.”

“அட, ஓசியா!” என்றேன்.

மனிதருக்கு முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. “ஓசின்னு சொல்லாதீங்க! இது சுதந்திரம்! உலகம் பூரா யார் யாரோ உக்காந்து எழுதி, எல்லாரும் பொழைக்கட்டும்னு திறந்து வச்சிருக்காங்க. அதப் போயி ஓசின்னா...” மேலே பேச முடியாமல் மூச்சு வாங்கியது. விஜயா அக்கா பயந்துபோய் டீயை நீட்டினார். மனிதர் சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் டம்ளரைத் தொட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு பில் கொடுத்தார். தொகையைப் பார்த்துவிட்டு, “ஓசின்னீங்களே சார்?” என்றேன்.

“ஓசின்னது நீங்க. சாப்ட்வேருக்குத்தான் வெல இல்ல. எனக்கு உண்டு.”

மலை முழுக்க இந்தக் கதை ஒரே நாளில் பரவியது. அன்றிலிருந்து அவர் ஓசி சார். அவர் சொந்தப் பெயர் பில்லில் கையெழுத்தாக இருந்தது. ஆனால் அந்தக் கையெழுத்தைப் படிக்க இன்னும் ஒரு சாப்ட்வேர் வரவில்லை.

எங்கள் சங்கத் தலைவர் தேனீப் பெட்டி வைத்திருக்கும் விவசாயி. அதிகம் பேசமாட்டார். எதையும் எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, பொறுமையாகப் படிப்பவர். அவரிடம் புது ஏற்பாட்டை விளக்க ஓசி சாரையே அழைத்துப் போனேன்.

“கட்டற்றதுன்னா இன்னாபா?” என்றார் தலைவர்.

“கட்டு இல்லாததுங்க.”

“அவுத்து வுட்டதா?”

“ஆமாங்க. கரெக்டா சொன்னீங்க!”

தலைவர் கொஞ்சம் யோசித்தார். “அவுத்து வுட்டா அடுத்தவன் கொல்லையில போயி மேயாதா?”

ஓசி சார் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். போகிற வழியில் மொபெட்டை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து, “மேயாதுங்க!” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விஜயா அக்காதான் உண்மையான எதிர்க்கட்சி. பத்து வருடமாக ஒரே சாப்ட்வேரில் கை பழகியவர். புதுத் திரையைப் பார்த்ததும் மவுஸை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“இன்னாங்க இது, வூடு மாத்துனா மாதிரி கீது. என் கத்தரிக்கோலு எங்க? சேமிக்கிற பட்டன் எங்க போச்சு?”

“இங்கதாங்க கீது. கொஞ்சம் தள்ளி.”

“நான் இன்னாத்துக்குத் தள்ளிப் போய்த் தேடணும்? அத இங்க வரச் சொல்லுங்க.”

வேறு யாராக இருந்தாலும் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பார்கள். ஓசி சார் மூன்று நாள் மலையேறி வந்தார். அக்காவின் கத்தரிக்கோலை அக்கா வைத்த இடத்தில் வைத்தார். பட்டன்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டில் அக்கா கற்ற விசை வரிசையையே கொண்டுவந்தார். கடைசியில் திரையின் பின்னணியில் அக்காவின் மகள் படத்தையும் வைத்தார். “பாத்தீங்களா? காசு குடுத்து வாங்குற சாப்ட்வேர்ல இப்புடி நம்ம இஷ்டத்துக்குப் பிரிச்சு மேய முடியாது,” என்றார். அந்த ‘மேய’வை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

அக்கா அன்றைக்குத்தான் அவரிடம் முதல் முறையாகச் சிரித்தார்.

கம்ப்யூட்டரோடு நிறுத்திக்கொண்டிருந்தால் ஊருக்கு நிம்மதி. எங்கள் ஊர் மெஸ்ஸில் காரச் சட்னி பிரமாதமாக இருக்கும், கொஞ்சம் காரம் தூக்கல். ஓசி சார் சாப்பிட்டு முடித்து, காசு கொடுத்துவிட்டு, கல்லாவிலேயே நின்றார்.

“இத எப்புடி செய்யிறீங்கன்னு எழுதிக் குடுங்க.”

“இன்னாத்துக்கு?”

“எனக்கு ரெண்டு மொளகா கொறைக்கணும்.”

“வாயால சொன்னா நானே கொறைச்சுப் போடறேன். அதுக்கு எதுக்குய்யா என் தொழில் ரகசியம்?”

“நீங்க கொறைச்சா அது உங்க தயவு. நானே கொறைச்சுக்கிட்டா அது என் உரிமை.”

மெஸ்காரர் அவரை ஒரு மாதம் உள்ளே விடவில்லை. ஓசி சார் கோபித்துக்கொள்ளவில்லை. தன் வீட்டுப் புளிக்குழம்பு செய்முறையை இரண்டு பக்கம் அச்சடித்து, ‘யாரும் செய்யலாம், மாற்றலாம், பகிரலாம்’ என்று அடியில் போட்டு, பஸ் ஸ்டாண்டில் விநியோகித்தார். செய்து பார்த்த ஒரு கண்டக்டர், மாற்றலாம் என்கிற அனுமதிக்கு மட்டும் தன் சம்சாரம் நன்றி சொன்னதாகச் சொன்னார்.

பட்டப்பெயர் அவர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரம் எங்கள் ஆபீஸ் பக்கமே வரவில்லை. எட்டாம் நாள் வந்து, புத்தம்புதிய விசிட்டிங் கார்டு ஒன்றை என் மேஜையில் வைத்தார். ‘ஓ.சி.’ என்று பெரிதாக. கீழே சின்ன எழுத்தில், ‘ஓப்பன் கோட்’.

“இனிமே தைரியமா கூப்புடுங்க,” என்றார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சென்னையிலிருந்து அந்த ஆர்டர் வந்தது. ஊர் முழுக்கக் கிளைகள் உள்ள ஓர் இயற்கை உணவுக் கடை. முதலில் முந்நூறு பாட்டில் தேன். பிடித்திருந்தால் மாதாமாதம் என்றார்கள். தலைவர் அந்தக் கடிதத்தை விரல் வைத்து இரண்டு முறை படித்தார். சங்கத்துக்கு அதுவரை அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் வண்டி வரும்.

பழைய லேபிள் பைல்கள் மிரட்டல்காரனோடு போய்விட்டன. ஆனால் விஜயா அக்காவின் பென் டிரைவ் ஒன்றில் ஒரு பிரதி இருந்தது. அது ஏதோ பழைய காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்தது. புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டம் கட்டமாக வந்தது. ஓசி சார் இரண்டு நாள் உட்கார்ந்து, பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்ற அவரே ஒரு சின்ன நிரல் எழுதினார். போட்டதும் கட்டங்கள் எல்லாம் அழகழகான தமிழாக மாறின. அக்கா கைதட்டினார். நான் எடையைச் சரிபார்த்தேன். அக்கா தேதியைச் சரிபார்த்தார். ஓசி சார் ஆங்கிலத்தைச் சரிபார்த்தார். போளூர் பிரஸ்ஸில் கொடுத்து முந்நூறு லேபிளும் அச்சாகி வந்தன.

திங்கட்கிழமை கொட்டகையில் பெண்கள் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தலைவர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, வழக்கம்போல விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். பாதியில் விரல் நின்றது.

“ஏம்பா மேனேஜரு. நாம எப்பலேர்ந்து தேளு புடிக்க ஆரம்பிச்சோம்?”

வாங்கிப் பார்த்தேன். ‘ஜவ்வாது மலைத் தேள். சுத்தமானது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூள் சாப்பிடவும். மலை விவசாயிகளிள் அன்புடள்.’

ஓசி சார் எழுதிய நிரல், சொல்லின் கடைசியில் வரும் ‘ன்’ஐ மட்டும் ‘ள்’ ஆக்கிவிட்டிருந்தது. முந்நூறு லேபிளிலும் முந்நூறு தேள்.

போன் செய்ததும் அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிட்டார். பாட்டிலைப் பார்த்தார். மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதை அவர் கழற்றி நான் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டரில் தன் நிரலைத் திறந்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்து, ஓரிடத்தில் விரல் வைத்தார்.

“இதோ. நாப்பத்தேழாவது வரி. என் தப்புதான்.”

அத்தோடு விட்டாரா? ஒரு தாளில் பெரிய எழுத்தில், ‘தேன் தேளானதற்குக் காரணம் என் நிரலின் நாற்பத்தேழாவது வரி. தவறு முழுக்க என்னுடையது. திருத்திய வரி கீழே உள்ளது’ என்று எழுதி ஆபீஸ் கதவில் ஒட்டிவிட்டார். நான் கெஞ்சினேன், “சார், வெளிய தெரிஞ்சா மானம் போய்டும்.”

“மறைச்சு வச்சாத்தான் போவும். நான் திறந்து வைக்கிற ஆளு. நல்லத மட்டும் திறந்து வச்சிட்டு கெட்டதப் பூட்டி வச்சா அது இன்னா நியாயம்?”

புளி கொண்டுவந்து போட வந்தவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். ஒரு பெரியவர் என்னிடம் வந்து, “நாப்பத்தேழாவது வரி பாவம், நாப்பத்தாறு வரி ஒழுங்காத்தானே இருந்துச்சு,” என்று பரிந்து பேசினார்.

லேபிளைத் திருத்தி, இந்த முறை அச்சடிக்கும் முன்பே ஒப்புதலுக்காகச் சென்னைக் கடைக்கு அனுப்பினோம். அங்கே ஒரு புதுச் சிக்கல். அவர்களுடைய டிசைனர் காசு கொடுத்து வாங்கும் ஒரு சாப்ட்வேரில் வேலை செய்பவர். எங்கள் பைலை அதில் திறந்தால் கோடுகள் நகர்ந்தன, எழுத்துகள் இடம் மாறின. ஓசி சார் மூன்று வழிகளில் மாற்றி மாற்றி அனுப்பினார். ஒரு தடவை பார்கோடு பாதி காணாமல் போனது. ஒரு தடவை தேனீ படம் போய்க் காலாவதி தேதி மேல் உட்கார்ந்துகொண்டது. எங்கள் டிசைனரிடம் இருக்கிற சாப்ட்வேரிலேயே செய்து அனுப்புங்கள், இல்லையென்றால் ஆர்டரை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் கூட்டம். தலைவர், நான், விஜயா அக்கா. மூலையில் ஓசி சார். யாரும் அவரைப் பார்க்காமல் பேசினோம்.

“அந்த சாப்ட்வேர் வெல ஜாஸ்திங்க,” என்றேன். “திருப்பத்தூர்ல வேற ஒருத்தர் காப்பி போட்டுத் தர்றாராம்...”

மூலையிலிருந்து ஓர் இடி விழுந்தது.

“மறுபடியுமா! தலைவரே, நீங்க வச்ச பெட்டியிலேர்ந்து ஒருத்தன் தேன் எடுத்துட்டுப் போனா வுடுவீங்களா?”

“வுட மாட்டேன்.”

“அந்த சாப்ட்வேரும் ஒருத்தர் வச்ச பெட்டிதாங்க. அவரு பூட்டி வச்சிருக்காரு. பூட்டுறது எனக்குப் புடிக்கல. அதுக்காகப் பூட்ட ஒடைக்கலாமா?” பிறகு அவர் சொன்னதைக் கேட்டு விஜயா அக்காவின் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. “வாங்குங்க. காசு குடுத்து ஒழுங்கா வாங்குங்க. இந்த வேலைக்கு அதான் சரி.”

“நீயா சொல்ற?” என்றார் தலைவர்.

“நான்தாங்க சொல்றேன். என் கொள்கைய டெஸ்ட் பண்றதுக்கு உங்க தேன் எதுக்கு? ஒரு தடவ பண்ணிட்டேன், போதும்.”

புதன்கிழமை, சங்கம் இதற்காகப் புதிதாக வாங்கிய லேப்டாப்பில் அந்தச் சாப்ட்வேரைப் போட்டோம். வேண்டாத சம்பந்தியின் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் போல ஓசி சார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மவுஸைத் தொடவே இல்லை. “அத அமுக்குங்க... இல்ல, அதுக்குப் பக்கத்துல...” என்று விரலால் காட்டினார், அக்கா அமுக்கினார். ஒப்பந்தப் பக்கம் வந்தபோது எல்லாரும் போல ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அமுக்கப் போன அக்காவைத் தடுத்து, முப்பது பக்கத்தையும் முழுதாகப் படித்தார். உலகத்திலேயே அதைப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு முறை ‘அடப்பாவி’ என்றார்.

வியாழன் மதியம் சென்னையிலிருந்து ‘டிசைன் ஓகே’ என்று வந்தது. கல்யாணப் பத்திரிகை சீசன் என்பதால் போளூர் பிரஸ் கைவிரித்துவிட்டது. ஆபீஸ் பிரிண்டரிலேயே ஸ்டிக்கர் தாளில் அடிக்க வேண்டியதுதான் என்று உட்கார்ந்தோம். மழை பிடித்துக்கொண்டது. மழை வந்தால் எங்கள் மலையில் செல்போன் டவர் படுத்துவிடும். அன்றும் படுத்தது. லேப்டாப்பைத் திறந்தால், அந்தச் சாப்ட்வேர் ஒரு கட்டத்தைக் காட்டி, நீங்கள்தான் உரிமையாளர் என்று உறுதிசெய்ய இணையத்தில் இணையுங்கள் என்றது.

“இன்னாங்க இது!” என்றார் அக்கா. “நேத்துதான் காசு வாங்குச்சு. இன்னிக்கு நீ யாருன்னு கேக்குது!”

எல்லாரும் ஓசி சாரைப் பார்த்தோம். மனிதர் ஆடித் தீர்த்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து, லேப்டாப்பைச் சாமை மூட்டைக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி என்னிடம் கொடுத்து, “சட்டைக்குள்ள வச்சிக்கிங்க. கீழ வளைவுல சிக்னல் வரும்,” என்றார்.

அந்த மழையில் மொபெட்டில் போளூர் ரோட்டில் இறங்கினோம். முன்னால் கட்டற்ற மென்பொருள், பின்னால் நான், என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு காசு கொடுத்து வாங்கிய மென்பொருள். இரண்டு வளைவுகளில் வண்டி வழுக்கியது. மூன்றாவதில் நானே இறங்கித் தள்ளினேன். சிக்னல் வருமிடத்தில் இருந்த டீக்கடைக் கூரைக்கு அடியில் அவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கோடு வந்தது. இரண்டு கோடு. கட்டம் மறைந்தது.

“ஆச்சு. நீங்கதான் நீங்கன்னு நம்பிடுச்சு,” என்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தத் திரையைப் பார்த்து அவர் சிரித்ததை நான் பார்த்தேன். எதிரியின் பிள்ளை பரீட்சையில் பாஸானால் சிரிப்பார்களே, அந்த மாதிரி.

திரும்பி வந்தால் கடைசிக் கூத்து. எங்கள் பிரிண்டர் ரொம்பப் பழையது. புது லேப்டாப் அதைப் பார்த்து, இப்படி ஒரு பிரிண்டரை நான் கேள்விப்பட்டதே இல்லை என்றது. அக்காவின் கம்ப்யூட்டரோ அதை இத்தனை நாளாக உறவுக்காரர் போல நடத்தி வந்தது. டிசைனை லேப்டாப்பில் வெறும் படமாகச் சேமித்து, பென் டிரைவில் எடுத்து, அக்காவின் கம்ப்யூட்டரில் போட்டு அடித்தோம். முந்நூறும் வந்தன. ஓசி சார் முந்நூறையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். தலைவர் அவருக்குப் பின்னால் நின்று மறுபடி படித்தார். முந்நூறும் தேன்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது, பாட்டில்கள் போயின. அடுத்த மாதம் ஐந்நூறு கேட்டார்கள். இன்றைக்கும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆபீஸில் மூன்று கம்ப்யூட்டர் அவருடையது, ஒரு லேப்டாப் அந்தக் கம்பெனியுடையது. வருடா வருடம் அதன் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி மறக்காமல் ஞாபகப்படுத்துபவர் ஓசி சார்தான். ஞாபகப்படுத்திவிட்டு அரை மணி நேரம் அந்தக் கம்பெனியைத் திட்டவும் மறக்கமாட்டார். கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்கும் நன்றாகத்தான் இருக்கும்.

அவருடைய வேலையில் ஒரே ஒரு குறை. அவர் போட்டுக் கொடுத்தது எதுவும் கெட்டுப்போவதில்லை. போன மாதம் பார்த்தேன், அவர் வந்து ஆறு வாரமாகிவிட்டது. ஆபீஸில் என்னவோ போல் இருந்தது. போனை எடுத்தேன்.

“சொல்லுங்க மேனேஜர் சார், இன்னா கெட்டுப்போச்சு?”

“ஒண்ணும் இல்ல சார். எல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

“அப்பறம் இன்னாத்துக்குக் கூப்ட்டீங்க?”

“சும்மாதான் சார்.”

மறுமுனையில் மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்டது.

“வர்றேன்,” என்றார்.